புராஸ்டேட் ஸ்கேன், பயாப்ஸி: உங்களுக்கு எப்படி இருந்தது?

எனக்கு 63 வயது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 7.2 வந்ததால் ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொன்னார்கள். அதைக் கேட்ட கூச்சத்திலேயே பத்து நாள் தள்ளிப்போட்டேன். போனபிறகு நடந்தது இவ்வளவுதான்: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டேன். விரல் கனத்தில் ஒரு கருவி, ஜெல் தடவி உள்ளே போனது. அழுத்தம் தெரிந்தது. வலி என்று சொல்ல மாட்டேன்.

சுரப்பியைத் திரையில் மூன்று பக்கமும் அளந்து, 38 மி.லி. என்றார் மருத்துவர். "சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியவில்லை." அப்பாடா என்று எழப்போனேன். "படுங்கள், இனிமேல்தான் வேலையே" என்றார். பல புற்றுக்கட்டிகள் பக்கத்துச் சதையைப் போலவே சாம்பலாகத் தெரியுமாம். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகப் புற்று இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் அளவால் வகுத்தால் எனக்கு 0.19, 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். ஊசி எங்கே போகிறது என்று காட்டத்தான் ஸ்கேன், முடிவைச் சொல்வது பயாப்ஸியில் எடுக்கும் சதைத்துணுக்கு. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மரத்துப்போக ஊசி போட்டு 12 துணுக்கு எடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்'. இரண்டு துணுக்கில் புற்று இருந்தது. புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+3, மெதுவாக வளரும் வகை. இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும்.

பதில்:
ஐயா, என் அப்பாவுக்கு நேரெதிர். ஸ்கேனில் கறுப்பாக ஓர் இடம் தெரிந்தது. ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் அது வெறும் அழற்சி. ஆனால் பயாப்ஸிக்கு மறுநாள் ராத்திரி குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். "காலையில் பார்த்துக்கலாம்டா" என்றார். நான் கேட்கவில்லை, அப்போதே கூட்டிப்போனேன். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. நான்கு நாள் ட்ரிப்ஸில் மருந்து ஏறியது. காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று பயாப்ஸி செய்த இடத்தில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில்:
எனக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் தெரிந்த இடத்தை அல்ட்ராசவுண்ட் படத்தின் மேல் பொருத்திக் குறிபார்த்து எடுத்தார்கள். ஊசியும் ஆசனவாய் வழியாக இல்லை, விதைப்பைக்குப் பின்னால் உள்ள தோல் வழியாக. இதில் கிருமித்தொற்று குறைவு என்றார்கள். வசதி இருந்தால் கேட்டுப்பாருங்கள். சிறுநீரில் ரத்தம் மூன்றே நாளில் நின்றது. விந்தில் மட்டும் ஐந்து வாரம் பழுப்பாகவே வந்தது. மனைவி பயந்தே போனார். இது பலருக்கும் வருவதுதானாம்.

பதில்:
தம்பி, எனக்கும் விந்து அப்படித்தான் வந்தது, கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். எழுதியதற்கு நன்றி. அடுத்த பி.எஸ்.ஏ. வரும் வாரம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.