ஈஸ்டர் தீவுல பனங்காடு இருந்துச்சுன்னு வெறும் மண்ணை வச்சு எப்படிங்க சொல்றாங்க?

கேள்விமூட்டை:
ராத்திரி ஒரு டாக்குமெண்டரி பாத்தேன், மோவாய்ங்கற பெரிய கல்லு சிலைங்க நிக்குற, பசிபிக் கடல்ல இருக்கற ஈஸ்டர் தீவு, இப்போ பாத்தா புல்லும் பாறையும்தான், ஆனா ஒரு காலத்துல கோடிக்கணக்குல பனை நின்ன காடுங்கறாங்க. 1722-ல ரொகவீன்ங்கற டச்சுக்காரரோட கப்பல் போனப்பவே பெருசா மரம் இல்லயாம். அப்போ மரத்தை யாருமே பாக்கல, எழுதி வைக்கல, மண்ணைத் தோண்டி மகரந்தம் பாத்தோம்னா நம்புறதா? காத்துல வேற எங்கிருந்தாவது வந்திருக்காதா?

வண்டல்:
மொதல்ல ஒண்ணு, பனைன்னதும் நம்ம ஊர் பனைமரத்த நினைக்காதீங்க, அது சிலி நாட்டு ஒயின் பாம்க்குச் சொந்தக்கார மரம், இப்ப எங்கயும் இல்ல. காத்துல வந்திருக்குமான்னா, சிலிக்கும் அந்தத் தீவுக்கும் 3,500 கிலோமீட்டருக்கு மேல கடல். ஒண்ணு ரெண்டு துகள்னா சந்தேகப்படலாம், அடிச் சேறுல பாதிக்கு மேல பனை மகரந்தமாவே வந்தா எப்படி? நார்வேக்காரர் ஹேயர்தாலோட ஆய்வுக் குழு 1955-56-ல எடுத்த சேறுலயே பனை மகரந்தம் கண்ல பட்டுச்சு. அப்புறம் ஜான் ஃப்ளென்லிங்கற மகரந்த ஆய்வாளர் 1977-ல ரானோ ரராக்கு மாதிரி எரிமலைப் பள்ளத்து ஏரிகள்ல குழாய் இறக்கி சேறு எடுத்தாரு, கீழ இருக்கற பழைய சேறுல பனை, மேல வர வர புல்லு. மகரந்தத்தோட மேல்தோல் ஆசிட்ல போட்டாலும் கரையாது, காத்து புகாத சேறுல ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும்.
ஆனா ரானோ ரராக்கு ஏரி நடுவுல ஒரு காலத்துல வறண்டு போயிருக்கு, அதனால அங்க குழாயில எடுத்த சில சேறுத் தூண்ல (கோர்) ஆயிரக்கணக்கான வருஷத்து வண்டலே காணோம். காடு திடீர்னு அழிஞ்சுதா மெதுவாவான்னு இன்னமும் அடிச்சுக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உமிக்கரி:
வண்டல் அண்ணே, பைட்டோலித்த விட்டுட்டீங்களே. செடி மண்ணுல இருந்து சிலிக்காவ உறிஞ்சி தன் செல்லுக்குள்ளயே கண்ணாடித் துண்டாக்கி வச்சுக்கும், அதான் பைட்டோலித். நெல்லுத் தாளு கையைக் கிழிக்குதே, உமிக்கரி பல்லைத் தேய்க்குதே, எல்லாம் இந்தச் சிலிக்கா வேலைதான். பனையோடது முள்ளு முள்ளா சின்ன உருண்டை, மைக்ராஸ்கோப்ல பாத்தா ஊமத்தங்காய் மாதிரி இருக்கும், ஒருதடவ பாத்தா மறக்காது. மகரந்தம் பறந்து போய் ஏரியில விழும், இது இலை எங்க மக்குச்சோ பெரும்பாலும் அங்கயே கிடக்கும், அதனால ஏரி இல்லாத சரிவுல, தோட்ட மண்ணுலகூட "இங்கதான் பனை நின்னுச்சு"ன்னு சொல்ல முடியுது. வாழை மாதிரி மகரந்தத்துல சிக்காத பயிருக்கும் இதுதான் கதி. ஆனா எந்தப் பனை இனம்னு மட்டும் கேக்காதீங்க, அவ்வளவு துல்லியம் கிடையாது.
ஒரு சொந்த சோகம்: எம்எஸ்சி பண்றப்ப மணலை எடுக்கறேன்னு சாம்பிள்ல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் ஊத்திட்டேன், அது மகரந்த சாம்பிளுக்குப் போடறது, சாயங்காலம் ஸ்லைடுல பைட்டோலித் ஒண்ணுகூட இல்ல, அதுவும் சிலிக்கா தானே, மணலோட சேந்து கரைஞ்சு போச்சு. மூணு வாரக் களவேலை. கனமான திரவத்துல மிதக்க விட்டுத்தான் பிரிக்கணும்னு அப்பதான் உறைச்சுது.

கேள்விமூட்டை:
அய்யோ பாவம். சரி, அந்தத் தீவு எலும்புக்கூடுகளோட பல்லு காரையிலயும் பனை பைட்டோலித் கிடைச்சுதாமே, அப்ப பனைய தின்னுருக்காங்கன்னு தானே அர்த்தம்?

உமிக்கரி:
இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. பனைக்காடு குறைஞ்சுக்கிட்டு வந்த பிற்காலத்து ஆளுங்க பல்லுலயும் அது நிறைய இருந்துச்சு, அதான் இடிச்சுது. மோனிகா ட்ராம்ப், ஜான் டட்ஜன்னு ரெண்டு ஆய்வாளருங்க 2015-ல வந்த பேப்பர்ல என்ன பண்ணாங்கன்னா, அந்தத் தீவு மண்ணு மாதிரியான மண்ணுல வெளஞ்ச சக்கரைவள்ளிக் கிழங்கோட தோலை எடுத்துப் பாத்தாங்க, மண்ணுல இருந்த பைட்டோலித் தோலோடயே ஒட்டிக்கிட்டு வருது. பல்லு காரையில சக்கரைவள்ளி மாதிரி மாவுத்துகளும் இருந்துச்சு. ஆக அவங்க தின்னது கிழங்கு, பனை வந்தது மண்ணு வழியா, எப்பவோ செத்த மரத்தோட கண்ணாடித்தூள்.

வண்டல்:
அதனாலதான் மகரந்தம், பைட்டோலித், மாவுத்துகள், கரித்துண்டு எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாக்கணும், ஒண்ணை மட்டும் நம்புனா காலி. எலி கடிச்ச பனங்கொட்டையும் கிடைச்சிருக்கு, மனுசன் வெட்டுனதா எலி தின்னதாங்கற சண்டைக்கு தனியா ஒரு த்ரெட் போடுங்க, இங்க ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

கேள்விமூட்டை:
நானும் கிழங்க தோலோடதான் திங்குறேன். என் பல்ல நோண்டுனா எங்க தோட்டத்து வரலாறே வரும் போலயே.