பாயிண்ட் மோட்டார் ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறது, காயில் போய்விட்டதா?

மதுரை_எச்ஓ:
எல்லோருக்கும் வணக்கம். மாடி அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையில் எச்ஓ (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாதிரி ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். யார்டில் ஆறு பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றும் இடம்). எல்லாவற்றுக்கும் பலகைக்கு அடியில் இரட்டைக் காயில் (கம்பிச் சுருள்) மோட்டார். 16 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புஷ் பட்டன் வழியாக நேரடி இணைப்பு.

போன ஞாயிறு மூன்றாவது பாயிண்ட் வலப்பக்கம் நன்றாக அடித்தது. இடப்பக்கம் 'ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. எப்படியாவது நகரட்டும் என்று பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகிய வாடை. இப்போது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மீட்டரில் நல்ல காயில் 4.2 ஓம், இன்னொன்று ஒன்றுமே காட்டவில்லை. இதற்கு இரண்டு நாள் முன்புதான் யார்டு முழுக்க ஜல்லி ஒட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா வாங்கித் தந்த முதல் செட்டோடு வந்த மோட்டார் இது. தூக்கிப் போட மனசு வரவில்லை. சரி செய்ய வழி உண்டா?

போத்தனூர்_சிக்னல்:
தம்பி, வழி உண்டு. ஆனால் மோட்டாரைத் தொடுவதற்கு முன் பாயிண்டைப் பாருங்கள். நான் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். பாயிண்ட் ஃபெயிலியர் என்று ஓடிப் போனால் பல நாள் மெஷினில் கோளாறே இருக்காது, டங் ரயிலுக்கும் (நகரும் தண்டவாளம்) ஸ்டாக் ரயிலுக்கும் (நகராத தண்டவாளம்) நடுவே ஒரு ஜல்லி உட்கார்ந்திருக்கும். உங்கள் கதையும் அதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீரில் கரைத்து ஊற்றிய மரப்பசை, இரண்டு டங் ரயிலையும் இணைக்கிற அந்தக் குறுக்குப் பட்டைக்கு அடியில் ஓடிக் காய்ந்திருக்கும்.

மோட்டாரைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் டங் ரயிலைத் தள்ளிப் பாருங்கள். பாயிண்டுக்குள் ஸ்பிரிங் இருந்தால் பாதி தூரம் தள்ளியதும் மீதியை அதுவே 'டிக்' என்று இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லையென்றால் பசை பிடித்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டு, பல்குச்சியால் சுரண்டுங்கள். விடாப்பிடியாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்து மறுபடி இறுகிவிடும்.

அடுத்து காயில். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை என்றவுடன் உள்ளே எரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மெல்லிய செப்புக் கம்பி டெர்மினலில் ஈயம் வைத்த இடத்திலேயே அறுந்திருக்கலாம். நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே அறுந்திருந்தால் காயிலிலிருந்து ஒரு சுற்று மட்டும் பிரித்து, நுனியில் எனாமலை பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு பளபளவென்று தெரிந்ததும் ஈயம் பூசி மறுபடி வையுங்கள். அதன்பின் இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும். பழுதுபார்த்தது வெகுவாகக் குறைத்துக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அர்த்தம். அப்போது சுற்றுகளை எண்ணிக்கொண்டே பிரித்து எடுத்து, கம்பித் துண்டை மோட்டார் காயில் கட்டும் கடையில் காட்டி, அதே தடிமனில் எனாமல் கம்பி வாங்குங்கள். அதே எண்ணிக்கை, அதே திசையில் சுற்றினால் போதும். பொறுமை வேண்டும், வேறொன்றும் இல்லை.

திருப்பி மாட்டும்போது நடுவில் மாட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் ஒரு பக்கம் முழுதாக மூடாது. எங்கள் வேலையில் டங் ரயிலுக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் நடுவே 5 மி.மீ. தகடு வைத்துப் பார்ப்போம். தகடு இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளவே கூடாது. அந்த 5 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 0.06 மி.மீ.கூட வராது, சாதாரணத் தாளை விட மெலிசு! எனவே நீங்கள் ஒரு தாள் துண்டை நடுவில் வைத்து மூடுங்கள். இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கி வந்தால் சக்கரம் ஒருநாள் அந்த இடைவெளியில் ஏறும்.

கடைசியாக, பட்டனுக்கு நேரடி ஏசி கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். இந்தக் காயில் ஒரு நொடிக்கும் குறைவான அடிக்காகச் செய்தது, தொடர்ந்து மின்சாரம் தாங்காது. ஒரு 1என்4001 டயோடு, 220 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், இணையாக இரண்டு 2200 மைக்ரோஃபாரட் கன்டென்சர் (மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது), இவற்றை டிரான்ஸ்ஃபார்மருக்கும் பட்டனுக்கும் நடுவே போடுங்கள். 16 வோல்ட் ஏசியின் உச்சம் 22 வோல்ட்டைத் தாண்டும், அதனால் 35 வோல்ட் கன்டென்சராக வாங்குங்கள். பட்டன் அழுத்தினால் சேர்த்து வைத்தது மொத்தமும் ஒரே அடியாகப் பாயும். அப்புறம் பட்டன் ஒட்டிக்கொண்டாலும் ரெசிஸ்டர் வழியே வருவது 0.1 ஆம்பியருக்கு மேல் போகாது, காயில் சூடேறாது. அடுத்த பாயிண்டை அடிக்கச் சில விநாடி பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்_கேஜ்_சிங்கை:
ஐயா சொன்னதெல்லாம் சரி. காயில் தேறாவிட்டால் எஸ்ஜி90 சர்வோவையும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) யோசிக்கலாம். 9 கிராம்தான், 5 வோல்ட்டில் ஓடும், டங் ரயில் நிஜம் போல மெதுவாக நகரும். ஆனால் ஓட்ட ஆர்டுயினோ மாதிரி ஒரு கன்ட்ரோல் போர்டு வேண்டும், பவர் போடும்போது சில சர்வோ துள்ளும். என்னுடைய என் கேஜ் (எச்ஓவை விடச் சிறிய அளவு) தடத்தில் மோட்டார் பாயிண்டுக்கு உள்ளேயே இருக்கிறது, ஒரே காயில், மின்முனையை மாற்றினால் திசை மாறும். அதனால் மேலே சொன்ன இணைப்பை அப்படியே அதில் கொடுத்துவிடாதீர்கள்.

மதுரை_எச்ஓ:
ஐயா, மோட்டார் பிழைத்துவிட்டது! குறுக்குப் பட்டைக்கு அடியில் பசை கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, கூடவே கடுகளவு ஜல்லி ஒன்று. காயில் அறுந்தது டெர்மினலில்தான். ஒரு சுற்று பிரித்து ஈயம் வைத்தேன், இப்போது 4.1 ஓம். கன்டென்சர் சர்க்யூட்டும் போட்டாயிற்று, அடி முன்னைவிடப் பலமாக விழுகிறது. ஆனால் இடப்பக்கம் தாள் லேசாக வழுக்குகிறது. வலப்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது.

போத்தனூர்_சிக்னல்:
மிகவும் சந்தோஷம் தம்பி, அப்பா தந்தது மறுபடி ஓடுகிறதே. அந்த வழுக்கல் மோட்டார் நடுவில் இல்லாததால்தான். நாலு ஸ்குரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, மோட்டாரை இடப்பக்கம் மயிரிழை நகர்த்தி இறுக்குங்கள். தாளை இரண்டு பக்கமும் மறுபடி வைத்துப் பாருங்கள். அப்படியே மற்ற ஐந்து பாயிண்டிலும் பட்டைக்கு அடியில் பார்த்துவிடுங்கள், ஒரே நாளில் ஒட்டிய ஜல்லிதானே.