மாருதி 800: தேய்ந்த லோயர் ஆர்மும் புஷ்ஷும் வீட்டிலேயே மாற்றுவது (அனுபவப் பகிர்வு)

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் 'டக்'கென்று தட்டினால், பலரும் முதலில் மாற்றுவது ஷாக் அப்சார்பரைத்தான். செலவு ஆன பிறகும் சத்தம் அப்படியே இருக்கும். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு கீழே இணைக்கும் இரும்புக் கை, புஷ் அதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையம்.

முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளி முனையில் உள்ள உருண்டை மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது லொடலொட என்றால் டை ராட் எண்டையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஸ்டீயரிங் ரேக்கையும் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது காயில் ஸ்பிரிங் துள்ளி 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் பேரிங்.

இந்த வண்டியில் ஸ்டேபிலைசர் பாருக்கு (இரு பக்க ஆர்மையும் இணைக்கும் வளைந்த கம்பி, வண்டி சாய்வதைக் குறைக்கும்) இரட்டை வேலை. அதன் முனை லோயர் ஆர்முக்குள் நுழைந்து, ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. அந்த முனை புஷ் போய்விட்டால் பிரேக் அடிக்கும்போது சக்கரமே கொஞ்சம் பின்னால் போகும். பள்ளத்தில் சத்தமில்லாமல், பிரேக் பிடிக்கும்போதும் முதல் கியரில் நகரும்போதும் மட்டும் தட்டினால் அந்த புஷ்ஷைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

* * *

மேலே சொன்னது பழுதைக் கண்டுபிடிப்பது. ஆர்ம் கழற்றும் முறையைச் சேர்க்கிறேன்.

முந்தைய இரவே எல்லா போல்ட்டுகளையும் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். வண்டி தரையில் சமமாக நிற்கும்போதே வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த அளவு கடைசியில் தேவைப்படும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும்.

இரண்டு பக்கமும் தூக்கியே வேலை செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டேபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், கழற்றும்போது உதறும். முதலில் ஸ்டேபிலைசர் முனையின் காட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் கம்பி), நட், வாஷர். வாஷர் எந்தப் பக்கம் குழிந்திருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பால் ஜாயின்ட் தண்டைக் கவ்வும் போல்ட். தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாக இது போவதால், தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவ வேண்டும். நக்கிளின் பிளவில் உளியை லேசாகத் தட்டி அகலப்படுத்திவிட்டு ஆர்மைக் கடப்பாரையால் கீழே நெம்பினால் கழன்று வரும்.

தண்டு வெளிவந்ததும் நக்கிளை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள் ஜாயின்ட் நழுவிவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். கம்பியால் ஸ்ட்ரட்டோடு கட்டி வையுங்கள். கடைசியாக ஆர்மின் உள்பக்க போல்ட்.

* * *

கடலோர ஊர் வண்டிகளில் சிக்கல் இந்த உள்பக்க போல்ட்டில்தான். புஷ்ஷின் உள் குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். நட் கழன்றுவிடும், போல்ட்டைத் திருப்பினால் கொஞ்சம் திரும்பி மறுபடி பழைய இடத்துக்கே வரும். ரப்பர்தான் முறுக்கி விடுகிறது. சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தால் பிராக்கெட் கோணிவிடும், பிறகு வீல் அலைன்மென்டே வராது. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஹேக்சா பிளேடு விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பதே சுருக்கமான வழி. புது போல்ட்டின் உடம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. மரையில் தடவ வேண்டாம், டார்க் (இறுக்கும் விசை) கணக்கு மாறும்.

பால் ஜாயின்ட்டைத் தனியாக அடித்து மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. என் கருத்தில் முழு ஆர்ம் வாங்குவதே மேல். புஷ்ஷும் புதிதாகவே வரும். புஷ் மட்டும் போடுவதானால் வைஸில் வைத்து, வெளி வளையத்தின் அளவுள்ள பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட்டைக் கொண்டு அழுத்துங்கள். நடு ரப்பரில் அழுத்தினால் கிழியும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் ஆயிலும் கிரீஸும் ரப்பரை ஊத வைத்துவிடும்.

* * *

புது புஷ் சில மாதத்திலேயே கிழிந்தது என்று குறை சொல்பவர்கள் அதிகம். உதிரிபாகத்தைக் குறை சொல்லும் முன், எந்த நிலையில் போல்ட்டை இறுக்கினார்கள் என்று கேளுங்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருந்தால், உள் குழாய் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியே நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கும். எவ்வளவு நல்ல புஷ்ஷும் தாங்காது.

ஆகவே எல்லா போல்ட்டும் கையிறுக்கமாக இருக்கட்டும். பால் ஜாயின்ட் பக்கம் ஆர்மின் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்ல ஏற்றி, முதலில் எழுதி வைத்த அளவு வந்ததும் நிறுத்தி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பக் கூடாது, கவனம். டார்க் அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள், கை உணர்வை நம்ப வேண்டாம். கவ்வும் போல்ட்டைப் போடும்போது தண்டின் பள்ளம் துளைக்கு நேராக இருக்க வேண்டும். அது உள்ளே போக மறுத்தால் அடிக்காதீர்கள், தண்டு இன்னும் முழுதாக ஏறவில்லை என்று பொருள். காட்டர் பின் எப்போதும் புதிதுதான்.

* * *

ஸ்ட்ரட் பற்றி ஒரு வார்த்தை. லோயர் ஆர்ம் வேலையில் ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை, அதனால்தான் இது வீட்டு வேலை. மேல் மவுண்ட் மாற்ற வேண்டுமானால் ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கி, ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கயிறு, செயின் கட்டி நடு நட்டைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது.

வேலை முடிந்து கொஞ்ச தூரம் ஓட்டிய பின் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கொஞ்சம் விலகியிருந்தாலும் டயர் ஓரம் ரம்பம்போல் தேயும். அப்போதே வீல் நட் நான்கையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.