ஹோட்டன் சமவெளி: மகளுக்கு ஏற்ற பாதை எது?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் விடுமுறையில் ஆறு பேர் வான் வண்டியில் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போக இருக்கிறோம். சிக்கல் இதுதான்: மலை வளைவுகள் தொடங்கியதும் என் 7 வயது மகள் சத்தி எடுக்கிறாள்.

ஏப்ரலில் ஹட்டன் வழியாக நுவரெலியா போனபோது, கினிகத்தேனை தாண்டியதும் தொடங்கியது. நான்கு தடவை வண்டியை நிறுத்தினோம். ஆகஸ்டில் கம்பளை, இறம்பொடை வழியிலும் அதேதான்.

இஞ்சி, தேசிக்காய், வெறும் வயிறு, திறந்த ஜன்னல் எல்லாம் பார்த்துவிட்டோம். டாக்டர் தந்த மருந்து சத்தியை நிறுத்தியது. ஆனால் அன்று முழுவதும் தூங்கி வழிந்தாள். அந்த நிலையில் பூங்காவின் சுற்றுப்பாதையில் 9 கிலோமீற்றருக்கு மேல் எப்படி நடப்பாள்? காலை 6 மணிக்கே வாயிலில் நிற்கவும் வேண்டும். பிந்தினால் ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தை மூடுபனி மறைத்துவிடும். அந்தப் பெரும் பள்ளத்தைப் படத்தில் பார்த்ததிலிருந்து பிள்ளை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

இன்னும் முயலாதது இரத்தினபுரி, பலாங்கொடை, ஹப்புத்தளை சுற்றி ஒஹிய பக்கமாக ஏறும் வழி.

சிறுபிள்ளையோடு அந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: ஹட்டன் பாதையைவிட அதில் வளைவுகளின் தொல்லை குறைவா?