மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம் என் தம்பிக்கு ஒரு வேலை கிடைக்குமா?

வணக்கம். என் தம்பிக்கு 28 வயது. ஸ்கிசோப்ரினியா என்ற மனநோய் இருக்கிறது. ஆறு வருஷமாக மருந்தை ஒழுங்காக எடுக்கிறான், இப்போது நன்றாக இருக்கிறான். ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டையும் உண்டு.

கைவேலையில் அவனுக்கு அவ்வளவு நிதானம். தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுக்குப் பை நிரப்பினான். மண்ணைப் போட்டதும் பையைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, வாயை மடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். ஒரு பைகூடச் சாயாது. ஆனால் இரவு மாத்திரை போட்டுவிட்டு விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நிற்க முடியவில்லை. வேலை போய்விட்டது. அதைவிட, யாரோ, அங்கே உள்ள மனநல மருத்துவமனையை வைத்து, 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று சொன்னதுதான் அவனை வாட்டியது. பாவம், மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சமூகநலத் துறை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வழியாக 'ஜோப் கோச்' கிடைப்பார். வேலை இடத்துக்கே வந்து சொல்லிக்கொடுப்பார், முதலாளியிடமும் பேசுவார். சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்களும் மனநலம் பாதித்தவர்களுக்கு வேலை தேடித் தந்து, சேர்ந்த பிறகும் துணைக்கு நிற்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேலைக்குப் போயிருக்கிறார்களா? முதலில் எங்கே போய்க் கேட்பது? டாக்டர் கடிதம் வேண்டுமா?

அப்புறம், இங்கே, ஈப்போ, கோலகங்சார் பக்கம் நர்சரி, பூக்கடை, மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் காலை பத்து மணிக்கு மேல் அரைநாள் வேலை தர முடியுமா? மோட்டாரில் நானே கொண்டுவந்து விட்டு, கூட்டிப்போவேன். முதல் வாரம் கூடவே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். இன்பாக்ஸில் சொல்லுங்கள் அண்ணா, அக்கா.