பனங்காட்டு எறும்புகளைப் பல ஆண்டுகள் எண்ண யோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். உச்சிப்புளி பக்கம் கடலோரப் பனங்காட்டில் எறும்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுக்க நினைக்கிறேன். கட்டெறும்பும் முசுறும் பழகியவை. கவலையெல்லாம் மஞ்சள் பைத்தியக்கார எறும்பைப் பற்றித்தான். 2022இல் நத்தம் அருகே கரந்தமலையில் கால்நடைகளைப் பாடாய்ப் படுத்துவதாகச் செய்தி வந்ததே, அதே இனம். அது இங்கே பெருகி மற்றவை குறைந்தன என்று சொல்வதற்கு, பெருகுவதற்கு முந்தைய கணக்கு கையில் இருக்க வேண்டும்.

எண்ணுவதற்குப் பலரும் பின்பற்றுவது, தரையில் திரியும் எறும்புகள் தாமே விழும் குழிப்பொறி: 10 மீட்டருக்கு ஒன்றாக 20 டம்ளர்களை விளிம்பு தரைமட்டத்தில் நிற்கும்படி புதைத்து, 48 மணி நேரம் கழித்து எடுப்பது. இங்கே கச்சான் காற்று வீசினால் பொழுது சாய்வதற்குள் டம்ளரில் மணல்தான் இருக்கிறது. மேலே கூரை போல ஏதாவது வைத்தால், நிழல் தேடும் எறும்புகள் கூடுதலாக விழுமோ? டம்ளருக்குப் பதில் தேன் தடவிய அட்டை வைத்து, மொய்ப்பவற்றை எண்ணலாம் என்கிறார்கள். பதநீர் இறக்கும் மாதங்களில் தேனை எந்த எறும்பு சீண்டும்!

இன்னொன்று, ஒரு டம்ளர் புற்றருகே அமைந்துவிட்டால் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். தலையை எண்ணுவதா, ஓர் இனம் எத்தனை டம்ளர்களில் இருந்தது என்று குறிப்பதா? எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. மணல்மேட்டிலோ தேரிக்காட்டிலோ இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்கியாக வேண்டும்.