அந்த நாலு மைல் எங்கிருந்து? அப்ரோச் சார்ட்டோடு நமக்கு நேர்ந்தவை

கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டக் கற்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பயிற்சியில் எட்டாவது பாடமோ ஒன்பதாவது பாடமோ. தலையில் ஹூட் மாட்டியிருந்ததால் வெளியே எதுவும் தெரியாது. எதிரே இருந்த கருவிகளும் தொடையில் கட்டியிருந்த, இறங்கும் வழியைக் காட்டும் அப்ரோச் சார்ட்டும்தான் என் உலகம். அன்றைக்கு லோக்கலைசர் அப்ரோச். ஓடுபாதையின் நேர்கோட்டைக் கருவி காட்டிவிடும், இறங்கும் சரிவைக் காட்டாது. உயரத்தை நாம்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த தூரத்தில் எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சார்ட்டின் பக்கவாட்டுப் படத்தில் இருக்கும்.

தூரம் காட்டும் கருவியான டிஎம்இ 4.0 காட்டியது. மைலுக்கு 300 அடி என்ற கணக்கு மனதில் ஓடியது. நாலு மைல் என்றால் 1,200 அடி. ஓடுபாதை கிட்டத்தட்ட கடல் மட்டத்தில்தான் இருக்கிறது, நானோ 1,800-ல் இருக்கிறேன். ஐயோ, இவ்வளவு மேலே நிற்கிறோமே என்று பதறி, பவரைக் குறைத்து மூக்கை இறக்கினேன். 1,600-ஐத் தாண்டியபோது பயிற்றுநரின் கை கன்ட்ரோலுக்கு வந்துவிட்டது. விமானத்தை மேலே ஏற்றி நிலைப்படுத்திவிட்டு அமைதியாகக் கேட்டார்: "இந்த நாலு மைல் எங்கிருந்து?"

"ஓடுபாதையிலிருந்து, சார்."

"ஹூட்டைக் கழற்று."

எதிரே மரங்கள் அடர்ந்த ஒரு குன்று. அதன் உச்சியில் வெள்ளையாக, விமானங்களுக்கு ரேடியோவில் திசை காட்டும் விஓஆர் நிலையம். ஓடுபாதை அதற்கும் அப்பால், இன்னும் இரண்டு மைல் தள்ளி இருந்தது. அந்த லோக்கலைசருக்கென்று தனியாக டிஎம்இ கிடையாது. நான் படித்துக்கொண்டிருந்தது குன்றின் மேலிருந்த விஓஆரின் தூரம். அப்படியானால் ஓடுபாதைக்கு ஆறு மைல். ஆறு மைலுக்கு 1,800 அடி. நான் சரியான உயரத்தில்தான் இருந்திருக்கிறேன், அதை விட்டுக் கீழே போகத்தான் அவசரப்பட்டிருக்கிறேன். டிஎம்இ எந்த நிலையத்தினுடையது என்பது சார்ட்டிலேயே அச்சாகியிருந்தது. நான் எண்ணை மட்டும் படித்தேன்.

அன்று மாலை அவர் குவாம் விபத்தைப் பற்றிச் சொன்னார். 1997 ஆகஸ்ட் 6, கொரியன் ஏர் 801, போயிங் 747. அங்கே இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப் வேலை செய்யவில்லை, எனவே அதுவும் லோக்கலைசர் அப்ரோச். டிஎம்இ இருந்தது ஓடுபாதைக்கு 3.3 மைல் முன்னால், நிமிட்ஸ் குன்றின் மேலிருந்த விஓஆரில். விமானம் அந்தக் குன்றிலேயே மோதியது. 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். களைப்பு, மழை, தரையிலிருந்த எச்சரிக்கை அமைப்பு முடக்கப்பட்டிருந்தது என்று காரணங்கள் பல. ஆனால் அந்த 3.3 என்ற எண்ணைக் கேட்டபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

உங்கள் பயிற்றுநருக்கு என் வணக்கம். நான் காகித சார்ட் காலத்தில் பறக்கத் தொடங்கியவன். என் அனுபவம் தூரத்தைப் பற்றியது இல்லை, உயரத்தைப் பற்றியது.

ரேடார் இல்லாத ஒரு மலைப் பகுதி, இரவு. நிலையத்துக்கு இன்னும் முப்பது மைலுக்கு மேல் இருக்கும்போதே கட்டுப்பாட்டாளர் அப்ரோச்சுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். கோ-பைலட் நல்ல பையன், சுறுசுறுப்பானவன். உடனே பக்கவாட்டுப் படத்தின் முதல் உயரத்தை, இறங்க வேண்டிய உயரத்தைக் குறிக்கும் ஆல்டிட்யூட் விண்டோவில் வைத்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "தம்பி, அந்த உயரம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, விரலை வைத்துக் காட்டு" என்றேன். விரல் ஒரு ஃபிக்ஸின் மேல், அதாவது வழியில் பெயரிட்டுக் குறித்த ஒரு புள்ளியின் மேல், போய் நின்றது. அந்த ஃபிக்ஸ் எங்களுக்கு இன்னும் பதினெட்டு மைல் முன்னால். அதுவரைக்குமான குறைந்தபட்ச உயரம் மேலிருந்து பார்க்கும் படத்தில், கோட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. 3,000 அடி கூடுதல்.

அவனுக்கு 1974-ஐ நினைவுபடுத்தினேன். டிசம்பர் 1, டிடபிள்யூஏ 514, வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த போயிங் 727. 44 மைல் தூரத்தில் அப்ரோச் அனுமதி கிடைத்தது. பக்கவாட்டுப் படம் ரவுண்ட் ஹில் என்ற ஃபிக்ஸிலிருந்து 1,800 அடி என்றது. ரவுண்ட் ஹில் வரை 3,400 அடி என்பது மேல்பார்வைப் படத்தில் இருந்தது. கேப்டன் அந்த 3,400-ஐக் கவனித்துப் பேசியது குரல் பதிவில் இருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டதால் இறங்கலாம் என்று முடிவெடுத்தார்கள். மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களுக்குத் தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. கட்டுப்பாட்டாளர்களும் அனுமதியோடு உயரத்தைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

சார்ட்டில் இருக்கும் எம்எஸ்ஏ (குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம்) வட்டத்திலும் இதே கேள்வி வரும். 25 மைலுக்குள் தடைகளுக்கு மேல் 1,000 அடி இடைவெளி தரும் உயரம் அது. வட்டத்தின் மையம் பெரும்பாலும் ஏதாவது ஒரு விஓஆராகவோ என்டிபி என்ற இன்னொரு வகை ரேடியோ நிலையமாகவோ இருக்கும். அதன் பெயர் வட்டத்தோடு அச்சாகியிருக்கும், அதையும் படியுங்கள்.

* * *

நான் டேப்லெட் தலைமுறை, என் கதை சின்னது. குலுங்கிக்கொண்டிருந்த விமானத்தில் எழுத்து தெரியவில்லை என்று திரையில் சார்ட்டின் இறுதிக் கட்டத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். குறைந்தபட்ச உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியவில்லை. இறங்காமல் மறுபடி மேலே ஏறும் கோ-அரவுண்ட் போட்டாயிற்று. எந்தப் பக்கம் திரும்புவது, எதுவரை ஏறுவது? அதைச் சொல்லும் மிஸ்டு அப்ரோச் குறிப்பு திரைக்கு வெளியே போய்விட்டிருந்தது. ஒரு கையால் விமானம், இன்னொரு கையால் திரையைத் தள்ளித் தேடல். பத்து நொடி இருக்கலாம், அந்தப் பத்து நொடி இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் முதலில் திரும்ப வேண்டிய திசையையும் ஏற வேண்டிய உயரத்தையும் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி ஒட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். பெரிதாக்குவதே இல்லை. எழுத்து தெரியவில்லையென்றால் கண்ணாடி.

* * *

நான் விமானி இல்லை, வழித்தடத் தரவைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். 28 நாளுக்கு ஒருமுறை, ஏராக் எனப்படும் புதுப்பிப்புச் சுழற்சியில் புதிய தரவு வரும்போது, சார்ட்டையும் விமானக் கணினியின் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சார்ட் காட்டும் பெயரும் கணினி ஏற்கும் பெயரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்திருந்தேன்.

1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்தின் கதை அப்படி இல்லை என்று காட்டியது. சார்ட்டில் ரோசோ என்டிபி 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தோடு இருந்தது. விமானிகள் கணினியில் ஆர் என்று தட்டினார்கள். வந்த பட்டியலில் முதலில் இருந்தது ரோசோ இல்லை, பொகோட்டாவுக்கு அருகிலிருந்த ரோமியோ என்ற வேறு நிலையம். அதற்கும் அடையாள எழுத்து ஆர்தான். ரோசோ வேண்டுமானால் முழுப் பெயரைத் தட்ட வேண்டியிருந்தது. விமானம் இடப்பக்கம், மலைகளை நோக்கித் திரும்பியது. 163 பேரில் நால்வர்தான் பிழைத்தார்கள்.

ஒருமுறை ஒரு வழித்தடத்தைச் சோதிக்கும்போது, இரண்டு புள்ளிகளுக்கு இடையே சார்ட்டில் 31 மைல், என் திரையில் 2,000-க்கு மேல். ஒரே பெயர், வேறு கண்டம். விமானம் எதுவும் அதைப் பயன்படுத்தவில்லை, அலுவலகத்திலேயே பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியைச் சேர்த்த பிறகும் பெயரைப் பார்ப்பதற்கு முன் திசையையும் தூரத்தையும்தான் சார்ட்டோடு ஒப்பிடுவேன். பறக்கும் நண்பர்கள் கணினியில் மாற்றத்தை உறுதிசெய்யும் எக்ஸிக்யூட் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த இரண்டு எண்களையும் ஒருவர் படிக்க, மற்றவர் சார்ட்டில் விரல் வைத்துப் பார்த்தால் நான்கு நொடிதான் ஆகும்.